தலைப்பில்லாத கணக்கு

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், இந்தத் திடலில் கூடியிருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்குக் கணக்கை உள்ளபடி கற்றுத் தருவது பாடப் பயிற்சியா, புதிரும் விடுகதையுமா என்பது இன்றைய தலைப்பு. பயிற்சிதான் என்று வாதாடிய எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளைப் போட்டுவிட்டு அமர்ந்தார். புதிர் வெறும் பொழுதுபோக்கு, விடை தெரிந்ததும் அதன் உயிர் போய்விடும் என்றார். ராமானுஜனே ஆயிரக்கணக்கில் கணக்குப் போட்டுத்தானே ராமானுஜன் ஆனார் என்றார். பாடம் முடிக்கவே நாள் போதாதபோது புதிருக்கு நேரம் எங்கே என்றார். மூன்றுக்கும் பதில் உண்டு. அவர் கேட்ட வரிசையில் சொல்லமாட்டேன், கணக்கு இழுக்கிற வழியில் போகிறேன்.

ஒரு பாடப்புத்தகத்தைத் திறங்கள். பயிற்சிக்கு மேலே தலைப்பு இருக்கும். "விகிதம்" என்று போட்டிருந்தால் கீழே இருக்கிற பதினைந்து கணக்கும் விகிதக் கணக்கு. பிள்ளை கேள்வியை முழுதாகப் படிக்கக்கூட வேண்டாம். அதிலிருக்கிற இரண்டு மூன்று எண்களை எடுத்து, எடுத்துக்காட்டில் அந்த எண்கள் இருந்த இடத்தில் வைத்தால் விடை வந்துவிடும். பெருக்குவதா வகுப்பதா, எங்கே தொடங்குவது என்ற முடிவைப் பிள்ளைக்குப் பதில் தலைப்பே எடுத்துவிட்டது. கணக்கில் கஷ்டமான வேலை அந்த முடிவுதானே நடுவர் அவர்களே! நகைக்கடையில் சேதாரம் சொல்லும்போதும், கொத்தனார் செங்கல் கணக்குச் சொல்லும்போதும் யாரும் தலைப்புப் போட்டுத் தருவதில்லை. புதிருக்கும் தலைப்பு கிடையாது. எங்கள் அணியின் வாதம் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது.

இங்கே இருக்கிற தாத்தா பாட்டிகள் எல்லாருக்கும் தெரிந்த புதிர் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். வானத்தில் ஒரு புறாக் கூட்டம் போகிறது. மரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த புறா, "நூறு பேரும் எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்று கேட்கிறது. கூட்டத்திலிருந்து பதில் வருகிறது: "நாங்கள் நூறு இல்லை. நாங்களும், எங்களைப் போல் இன்னொரு மடங்கும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், கூட உன்னையும் சேர்த்தால்தான் நூறு." கூட்டத்தில் எத்தனை புறா?

எக்ஸ் என்க என்று தொடங்கினால் எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். நான்காம் வகுப்புப் பிள்ளையும் இதைப் போடலாம், எக்ஸே வேண்டாம். பாதி எடுக்க வேண்டும், பாதியில் பாதியும் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தும் முழு எண்ணாக நிற்கிற மிகச் சிறிய எண் எது? 4. கூட்டத்தில் 4 புறா என்று வைத்துக்கொள்ளுங்கள். 4, இன்னொரு 4, பாதி 2, பாதியில் பாதி 1. மொத்தம் 11. நமக்கு வேண்டியது நூறில் மரத்துப் புறா ஒன்று போக 99. பதினொன்றை ஒன்பது மடங்காக்கினால் 99. அப்படியானால் நான்கையும் ஒன்பது மடங்காக்கு. 36. சரிபார்ப்போம்: 36, 36, 18, 9, 1. நூறு!

இப்போது இந்தப் புதிரில் பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்று பாருங்கள், என் வாதம் அங்கேதான் இருக்கிறது. "அந்தப் பாதியில் பாதி" என்பதைச் சரியாகக் கேட்காமல் "எங்களில் பாதி" என்று இரண்டு முறை எடுத்துக்கொள்கிற பிள்ளைக்கு 33 வரும். 33, 33, பதினாறரை, பதினாறரை, 1. கூட்டினால் நூறுதான். ஆனால் பதினாறரைப் புறா எங்கே பறக்கும்? பிள்ளையே சிரித்துவிடும். மரத்துப் புறாவைச் சேர்க்க மறந்த பிள்ளை 100ஐ 11ஆல் வகுக்கப் போய், வகுபடாமல் நின்றுவிடும். அங்கேயே தெரிந்துவிடும், எதையோ விட்டுவிட்டோம் என்று. தப்பைக் கண்டுபிடிக்க ஆசிரியர் வேண்டாம், விடைப்பக்கம் வேண்டாம், சிவப்பு மை வேண்டாம். அதே பிள்ளை பயிற்சி நோட்டில் "தேவையான ஆட்கள் = 16.5" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். அங்கே அது வெறும் எண். புறா என்றால்தான் அரைப் புறா உறுத்துகிறது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, "புதிர் என்றால் விடை இப்படியும் இருக்கும் அப்படியும் இருக்கும், கணக்கு என்றால் ஒரே விடை" என்றார்கள். அவர்களுக்குக் குளத்துப் புதிரைச் சொல்கிறேன். மூன்று கோயில், ஒவ்வொரு கோயிலுக்கும் முன்னால் ஒரு குளம். பூவைக் குளத்தில் நனைத்தால் இரண்டு மடங்காகும். ஒரு பக்தர் கொஞ்சம் பூ கொண்டுவந்தார். முதல் குளத்தில் நனைத்து முதல் கோயிலில் கொஞ்சம் வைத்தார். மீதியை இரண்டாம் குளத்தில் நனைத்து அதே அளவு வைத்தார். மூன்றாவதிலும் அப்படியே. மூன்று கோயிலிலும் ஒரே எண்ணிக்கை. கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. கொண்டுவந்தது எத்தனை, வைத்தது எத்தனை?

முன்னாலிருந்து போனால் சிக்கிக்கொள்வீர்கள், பின்னாலிருந்து வாருங்கள். கடைசிக் கோயிலில் வைத்தது ஒரு பங்கு. குளத்தில் நனைக்கும் முன் அது அரைப் பங்கு. இரண்டாம் கோயிலில் வைத்த ஒரு பங்கையும் சேர்த்தால் ஒன்றரை. நனைக்கும் முன் முக்கால். முதல் கோயிலின் ஒரு பங்கைச் சேர்த்தால் ஒன்றேமுக்கால். நனைக்கும் முன் அதில் பாதி, அதாவது எட்டில் ஏழு பங்கு. பூவைப் பிய்த்து வைக்க முடியாது. ஆகவே ஒரு பங்கு என்பது 8 பூ, கொண்டுவந்தது 7 பூ. 7 நனைந்து 14, எட்டு போக 6. நனைந்து 12, எட்டு போக 4. நனைந்து 8, எட்டும் போய்க் கை காலி.

"14 கொண்டுவந்து 16 வைத்தாலும் சரியாக வருகிறதே?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்த வகுப்பில் அன்றைக்குத் திருவிழா. ஆமாம், வரும். 21க்கு 24ம் வரும். தெரியாதவை இரண்டு, நமக்குக் கிடைத்த செய்தி ஒன்று. அதனால் எண்ணிக்கை தனியாகக் கிடைக்காது, 7க்கு 8 என்ற விகிதம்தான் கிடைக்கும். சகோதரி குறை என்று சொன்ன அதே இடத்தில் ஒரு பெரிய பாடம் உட்கார்ந்திருக்கிறது. கூடவே இந்தப் புதிருக்கு உயிர் போகவில்லை என்பதையும் கவனியுங்கள். குளம் நான்கானால்? 15க்கு 16. ஐந்தானால்? 31க்கு 32. குளம் கூடக் கூட இரண்டு எண்ணும் நெருங்கிக்கொண்டே போகின்றன, ஆனால் ஒன்றாவதில்லை. ஏன் என்று கேட்கத் தொடங்கிய பிள்ளை நிற்காது.

அடுத்தது சிரிப்பு. விடுகதையில் வருகிற சிரிப்பைக் கணக்குக்குப் பகை என்று எதிரணி நினைக்கிறது. "மரத்தில் பத்துக் குருவி. வேடன் ஒன்றைச் சுட்டான். மரத்தில் மீதி எத்தனை?" ஒன்பது என்று சொன்ன பிள்ளையைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள், வெடிச் சத்தத்தில் மற்றவை பறந்துவிடும் அல்லவா! இந்தச் சிரிப்பில் ஒரு கண்டிப்பான பாடம் இருக்கிறது. எண்ணைக் கண்டதும் கழிக்காதே, நடந்தது என்ன என்று முதலில் பார்.

இதே பாடத்தின் பெரிய அண்ணன் விடுதி வாடகைப் புதிர். மூன்று நண்பர்கள், ஆளுக்குப் பத்து ரூபாய், 30 ரூபாய் கொடுத்து அறை எடுக்கிறார்கள். அறை வாடகை 25தான் என்று முதலாளி ஐந்து ரூபாயைப் பையனிடம் திருப்பிக் கொடுத்தனுப்புகிறார். பையன் இரண்டைத் தன் பையில் போட்டுக்கொண்டு மூன்றை மட்டும் கொடுக்கிறான், ஆளுக்கு ஒரு ரூபாய். ஆக ஆளுக்கு ஒன்பது, மூவருக்கும் 27. பையனிடம் 2. மொத்தம் 29. மீதி ஒரு ரூபாய் எங்கே?

பெரியவர்களே தடுமாறுகிற இடம் இது. வட்டியும் முதலும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள்கூட அந்த ஒரு ரூபாயைத் தேடுவார்கள். ஒரு ரூபாயும் தொலையவில்லை. நண்பர்கள் கொடுத்த 27க்குள்ளேயே பையன் எடுத்த 2 இருக்கிறது. 25 முதலாளியிடம், 2 பையனிடம், சேர்த்து 27. அந்த இரண்டை 27உடன் மறுபடி கூட்டுவது செலவோடு செலவையே இரண்டாம் முறை சேர்ப்பது. 30 வேண்டுமானால் 27உடன் கூட்ட வேண்டியது நண்பர்கள் கைக்குத் திரும்பி வந்த 3.

விளக்கியும் சிலருக்கு மனசு ஆறாது. அவர்களுக்கு ஒரு வழி உண்டு, எண்ணை மாற்றிப் பாருங்கள். வாடகை 20தான் என்று முதலாளி பத்து ரூபாயைத் திருப்பித் தந்தார், பையன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்பதைக் கொடுத்தான், ஆளுக்கு மூன்று. இப்போது ஆளுக்கு ஏழு, மூவருக்கும் 21, பையனிடம் 1, மொத்தம் 22. எட்டு ரூபாய் எங்கே என்று யாராவது தேடுவார்களா? மாட்டார்கள். 22க்கும் 30க்கும் சம்பந்தமே இல்லை என்று பார்த்தவுடன் தெரிகிறது. முதல் புதிரில் 29 வந்து 30க்குப் பக்கத்தில் நின்றதால்தான் ஏமாந்தோம். இப்படி எண்ணை மாற்றிக் கேள்வியையே சோதிக்கிற பழக்கம், ஒரு கடையின் வரவு செலவு நோட்டைப் பார்க்க உட்கார்கிறவருக்கு எவ்வளவு தேவை என்று கணக்கர்களைக் கேளுங்கள். ஒரே தொகை இரண்டு இடத்தில் ஏறிவிடுவது நோட்டுகளில் சாதாரணமாக வருகிற தப்பு.

இப்போது யானைப் பங்கு. அப்பா விட்டுப்போனது 17 யானை. மூத்தவனுக்குப் பாதி, நடுவனுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று. பெரியவர் ஒருவர் தன் யானையைக் கொண்டுவந்து சேர்த்து 18 ஆக்கினார். பாதி 9, மூன்றில் ஒன்று 6, ஒன்பதில் ஒன்று 2. கூட்டினால் 17. தன் யானையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். இதுவரை எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் இங்கேயே கைதட்டி முடித்துவிடுகிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். ருசி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஏன் வந்தது? பாதி, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று மூன்றையும் கூட்டிப் பாருங்கள். முழுசு வராது, 18இல் 17 பங்குதான் வரும். அப்பா எழுதியதிலேயே 18இல் ஒரு பங்கு யாருக்கும் இல்லாமல் கிடந்தது. அதுவும் மூவருக்கும் அந்த விகிதத்திலேயே போய்ச் சேர்ந்தது. அதனால் மூத்தவனுக்கு எட்டரைக்குப் பதில் ஒன்பது, ஒருவருக்கும் குறையவில்லை. சரி, எந்தப் பின்னங்களை வைத்தாலும் இப்படி வருமா? வராது. ஒரு யானையைச் சேர்த்து, பங்கு போட்டு, அந்த ஒன்று அப்படியே மிஞ்ச வேண்டும், மூன்று பேருக்கும் "இத்தனையில் ஒன்று" என்று வெவ்வேறு பங்கு இருக்க வேண்டும் என்றால் ஏழே ஏழு விதத்தில்தான் பின்னம் அமையும். 7 யானைக்கு இரண்டில், நான்கில், எட்டில் ஒன்று. 41 யானைக்கு இரண்டில், மூன்றில், ஏழில் ஒன்று. 19, 23, 17 ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, 11க்கு மட்டும் இரண்டு விதம். மற்றவற்றைப் பிள்ளைகள் தேடட்டும், பின்னக் கூட்டலில் ஐம்பது கணக்குப் போட்ட பலன் அந்தத் தேடலிலேயே கிடைத்துவிடும். எதிரணி கேட்கிற பயிற்சி அதற்குள் இருக்கிறது, யாரும் போடு என்று சொல்லாமலே!

தேடும்போது ஒரு பிள்ளை பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று வைத்துப் பார்க்கும். 12க்கு 6, 4, 3. கூட்டினால் 13. அப்பா இருப்பதைவிட அதிகமாக எழுதிவிட்டார்! தோற்றுப்போன உதாரணம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. 13 யானை இருக்கும் வீட்டில் இதே பின்னங்களை எழுதினால், பெரியவர் யானையைக் கொண்டுவர வேண்டாம். ஒரு யானையைத் தோப்பில் மறைத்துக் கட்டிவிட்டு 12ஐப் பங்கு போடட்டும். 6, 4, 3 கொடுக்க வரும்போது ஒன்று குறையும். மறைத்து வைத்ததை ஓட்டி வந்து கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. சேர்ப்பதற்குப் பதில் ஒளித்தல். ஒரு பின்னத்தை மாற்றியதில் புதிரே தலைகீழாகிவிட்டது.

ராமானுஜனுக்கு வருகிறேன். கும்பகோணத்துப் பிள்ளையின் பெயரை எதிரணித் தலைவர் எடுத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. 1903இல், பதினாறு வயதில், ராமானுஜன் கைக்கு வந்த நூல் கார் என்ற ஆங்கிலேய ஆசிரியர் தொகுத்தது. சுமார் 5000 முடிவுகள் வரிசையாக அடுக்கியிருக்கும் நூல் அது. பயிற்சி நூல்தானே என்கிறார் தலைவர். அதில் இல்லாமல் போனது எது என்பதைப் பாருங்கள். பெரும்பாலான முடிவுகளுக்கு நிரூபணம் இல்லை. இது உண்மை என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஆக ஒவ்வொரு வரியும் அந்தப் பிள்ளைக்கு ஒரு புதிர். நிரூபணத்தோடு, போட்டுக் காட்டிய கணக்கோடு அந்த நூல் வந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் கையில் கிடைத்தது காரணத்தை மறைத்து வைத்திருந்த நூல், அதை மட்டும் சொல்கிறேன்.

கேம்பிரிட்ஜில் 1914இல் நடந்ததையும் கேளுங்கள். பின்னாளில் இந்தியப் புள்ளியியலை வளர்த்த மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். லண்டனிலிருந்து வந்த ஸ்ட்ராண்ட் பத்திரிகையின் டிசம்பர் இதழில் இருந்த புதிர் ஒன்றை, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த ராமானுஜனிடம் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வரிசையாக 1, 2, 3 என்று இலக்கமிட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குக் கீழ். அந்த வீட்டின் இலக்கம் என்ன?

மகலனோபிஸ் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் கண்டுபிடித்திருந்தார். ராமானுஜன் கிளறிக்கொண்டே "எழுதிக்கொள்ளுங்கள்" என்று ஒரு தொடர் பின்னத்தை, பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகிற ஒன்றை, சொன்னார். அதில் இந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, இப்படி அமையக்கூடிய எல்லாத் தெருவுக்கும் விடை இருந்தது.

நாம் தொடர் பின்னம் வரை போக வேண்டாம், சின்னத் தெருவில் தொடங்குவோம். எட்டு வீடு. ஆறாம் வீட்டுக்கு இடப்பக்கம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15. வலப்பக்கம் 7, 8. அதுவும் 15. அடுத்தது 49 வீட்டில் 35ஆம் வீடு. அதற்கடுத்தது 288 வீட்டில் 204ஆம் வீடு. ஐம்பதுக்கு மேல் என்று புதிரில் ஏன் போட்டார்கள் தெரிகிறதா? 49 வந்து நுழைந்துவிடக் கூடாது என்று. வீட்டு இலக்கங்களை வரிசையாகப் பாருங்கள்: 1, 6, 35, 204. ஒவ்வொன்றையும் ஆறால் பெருக்கி அதற்கு முந்தையதைக் கழித்தால் அடுத்தது வரும். 6ஐ ஆறால் பெருக்கினால் 36, ஒன்று போக 35. 35ஐ ஆறால் பெருக்கினால் 210, ஆறு போக 204. அடுத்த வீடு 1189, அதை வீட்டில் போய்ச் சரிபாருங்கள். தெருவில் 1681 வீடு இருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளை கூட்டல், பெருக்கல் மட்டும் வைத்துக்கொண்டு ராமானுஜன் நடந்த தெருவில் கொஞ்ச தூரம் நடக்கலாம். எந்தப் பயிற்சித்தாள் இந்த வாய்ப்பைத் தரும்?

நடுவர் அனுமதித்தால் அவையும் ஒரு கணக்குப் போடட்டும். காகிதம் எடுங்கள், அலைபேசிக் கணிப்பான் வேண்டாம், காரணம் பிறகு தெரியும். மூன்று இலக்க எண் ஒன்றை எழுதுங்கள். முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் வேறாக இருக்க வேண்டும். அதைத் திருப்பி எழுதிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த விடையைத் திருப்பி எழுதிக் கூட்டுங்கள். உங்கள் எண் எதுவானாலும் 1089! 742 என்றால் 742இல் 247 போக 495, அதோடு 594, கூட்டினால் 1089.

சிலருக்கு 198 வந்திருக்கும். அவர்களுடைய முதல், கடைசி இலக்கங்களுக்கு இடையே வித்தியாசம் ஒன்றாக இருந்திருக்கும். 534இல் 435 போனால் 99. அதை மூன்று இலக்கமாக 099 என்று எழுதித் திருப்பினால் 990, கூட்டினால் 1089. கணிப்பான் அந்த முன் சுழியத்தைக் காட்டாது, அதனால்தான் காகிதம் கேட்டேன். காரணம் சின்னது. கழித்து வருவது எப்போதும் 99இன் மடங்கு, 099 முதல் 891 வரை. எல்லாவற்றிலும் நடு இலக்கம் 9, ஓர இலக்கங்கள் இரண்டும் சேர்ந்து 9. திருப்பிக் கூட்டினால் ஒன்றில் 9, பத்தில் 18, நூறில் 9. இடமதிப்பு என்ற பாடத்தை இதைவிட அழுத்தமாக எந்தப் பயிற்சி சொல்லும்? சுழியத்துக்கு மதிப்பில்லை என்று அதைத் தள்ளியவருக்கு விடையே மாறிப்போனதே!

நாசிக்குக்குப் பக்கத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் இப்படி இலக்கங்களைத் திருப்பி விளையாடியே ஒரு மாறிலியைக் கண்டவர். 1949இல் அதை வெளியிட்டது நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் அடுக்கிக் கழித்துக்கொண்டே போனால், அதிகபட்சம் ஏழு முறையில் 6174 வந்து நின்றுவிடும். 2024ஐ எடுங்கள்: 4220இல் 0224 போக 3996. 9963இல் 3699 போக 6264. 6642இல் 2466 போக 4176. 7641இல் 1467 போக 6174. மறுபடி செய்தாலும் 6174தான். நான்கும் ஒரே இலக்கமாக இருந்தால் மட்டும் ஆகாது. இங்கேயும் சுழியத்தை விட்டால் கெடும். 1000இல் தொடங்கி 999 என்று எழுதினால் அடுத்த கழித்தலில் பூஜ்யம், 0999 என்று எழுதினால் அதிலிருந்து நான்கே படியில் 6174.

எதிரணியின் கடைசிப் பேச்சாளர் வாட்ஸாப்பில் சுற்றுகிற "நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் தோற்பார்கள்" வகைக் கணக்குகளைக் காட்டி இதுவா கல்வி என்று கேட்டார். இதில் அவரோடு நான் ஒத்துப்போகிறேன். 6÷2(1+2) என்று எழுதி விடை 1ஆ, 9ஆ என்று சண்டை போட வைப்பது புதிர் அல்ல. எழுதியவர் அடைப்புக்குறியை ஒழுங்காகப் போடாததால் வந்த குழப்பம் அது. எங்கே வகுத்தல் முடிகிறது என்று இன்னொரு அடைப்புக்குறி போட்டால் சண்டை தீரும். நல்ல புதிரில் கேள்வி தெளிவாக இருக்கும், நம் அவசரம்தான் நம்மை ஏமாற்றும். போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், திரும்பும்போது 40, சராசரி என்ன? 50 என்று வாய் முந்தும். 120 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துப் பாருங்கள். போக 2 மணி, வர 3 மணி, 240ஐ 5ஆல் வகுத்தால் 48. ஆயிரம் ரூபாய்ப் புடவையில் 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் தள்ளுபடி தந்தால் விலை ஆயிரம் அல்ல, 960. கேள்வியில் எந்தத் தந்திரமும் இல்லை.

பிறந்தநாள் புதிரும் அந்த ரகம்தான். ஒரு வகுப்பில் எத்தனை பேர் இருந்தால் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமைய சரிபாதிக்கு மேல் வாய்ப்பு? 183 என்று தோன்றும், 23 போதும். 23 பேரில் 253 இணைகள் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம். நாற்பது பேர் வகுப்பில் வாய்ப்பு 89 சதவீதத்தைத் தொடும். நம் ஊரில் செய்து பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பள்ளியில் சேர்க்கும்போது மே, ஜூன் மாதத் தேதியைக் கொடுத்துவிடுகிற வழக்கம் இருந்ததால், பெரியவர்கள் கூட்டத்தில் சான்றிதழ்த் தேதியை வைத்துச் சோதித்தால் இன்னும் சீக்கிரம் பொருந்திவிடும். அந்த வித்தியாசம் ஏன் என்று கேட்டால் அது அடுத்த புதிர்.

கணக்கு நூலும் புதிரும் வேறு வேறு என்று நம் முன்னோர் நினைக்கவில்லை. கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண ஒரு விதி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. முள் நூறு என்றால் சுளை 120. விதி எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்று பழத்தை அறுத்து எண்ணிப் பார்க்காமல் எந்தப் பிள்ளையாவது இருக்குமா? பெருக்கல், வகுத்தல், சோதனை மூன்றும் ஒரு பழத்தில் முடிந்தது.

நேரம் எங்கே என்ற கேள்வி மிச்சம். அந்தக் கேள்வியின் பின்னால் ஓர் ஆசிரியரின் உண்மையான சுமை இருக்கிறது, நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தனியாக ஒரு பாடவேளை வேண்டாம். திங்கட்கிழமை காலையில் பலகையின் ஓரத்தில் ஒரு புதிரை எழுதுங்கள். எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று எழுதாதீர்கள். விடையை வெள்ளிக்கிழமை வரை சொல்லாதீர்கள், கெஞ்சினாலும் சொல்லாதீர்கள். வேகமான பிள்ளை கத்திச் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேரின் யோசனையும் அந்த நொடியில் நின்றுவிடும், அதனால் விடையைத் துண்டுத்தாளில் எழுதி மேசையில் வைக்கட்டும். வெள்ளிக்கிழமை முதலில் எடுக்க வேண்டியது சரியான விடையை அல்ல, தப்பான விடைகளை. யாருடையது என்று சொல்லாமல் 33 புறாவைப் பலகையில் எழுதி, எங்கே இடிக்கிறது என்று வகுப்பே தேடட்டும். பிறகு ஓர் எண்ணை மாற்றுங்கள்: நூறு புறா 56 ஆனால்? 111 ஆனால்? எல்லா எண்ணுக்கும் விடை கிடைக்காது. எதற்குக் கிடைக்கும் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். இதற்கு மதிப்பெண் மட்டும் போட்டுவிடாதீர்கள். போட்டால் துண்டுத்தாளில் தப்பு விடை வருவது நின்றுவிடும், அடுத்த பிள்ளையைப் பார்த்து எழுதிய சரியான விடை மட்டும் வரும்.

திங்கட்கிழமை எழுத ஐந்து நிமிடம், வெள்ளிக்கிழமை பேச இருபது நிமிடம். வாரத்துக்கு இருபத்தைந்து நிமிடத்தை எதிரணி எந்தப் பாடத்திலிருந்து எடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம். தீர்ப்பை நடுவரிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.